மெட்டு கரைந்து நிறமாகும் விதம்

1961 அக்டோபரில் ஜெர்மனியின் டோனாவ்எஷிங்கன் இசைவிழாவில் முதன்முதலாக ஒலித்த ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ என்ற இசைக்குழுப் படைப்பில் முணுமுணுக்க மெட்டும் இல்லை, தட்டித் தொடரத் தாளமும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 9 நிமிடங்களுக்கு அது கேட்பவரை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. இதை எழுதியவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜி லிகெட்டி.

தொடக்கத்தில் 56 தந்தி இசைக்கலைஞர்களுக்கும் தனித்தனிச் சுரம் தரப்பட்டிருக்கிறது. காற்றுக்கருவிகளும் மென்மையாக உடன் ஒலிக்க, ஏறத்தாழ 5 ஸ்தாயிப் பரப்பில், ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக அமையும் அரைச்சுரங்கள் இடைவெளியின்றி நிரம்புகின்றன. 440 ஹெர்ட்ஸில் ஒரு வயலினும் அதற்கு அடுத்த அரைச்சுரமான 466 ஹெர்ட்ஸில் இன்னொன்றும் ஒலித்தால், நொடிக்கு 26 முறை ஒலியின் உரப்பு கூடிக் குறையும். உட்செவியின் நத்தை எலும்புக்குள் இருக்கும் சவ்வில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தை அதிரவைப்பதால், காது அவற்றைப் பிரித்தறியத் திணறி, ஒரு கரகரப்பாகவே உணர்கிறது. இத்தகைய அண்டைச் சுரங்கள் பல பத்து ஒன்றுசேரும்போது தனிச்சுரம் என்பதே மறைந்து, மூடுபனி போன்ற ஒரே ஒலித்திரள் எஞ்சுகிறது.

ஆனால் அசையாத திரள் விரைவில் சலித்துவிடும். லிகெட்டியின் மேதைமை, அதை உள்ளிருந்தே அசையவைத்ததில்தான் இருக்கிறது என்பேன். 1956 புரட்சியைச் சோவியத் படைகள் நசுக்கிய பின் ஹங்கேரியை விட்டுத் தப்பிய அவர், கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடத்தில் பணியாற்றியபோது ஓர் உண்மையை நேரில் உணர்ந்தார்: நொடியில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கை விடக் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து வரும் ஒலிகளைக் காது வரிசையாகக் கேட்பதில்லை, கலந்தே கேட்கிறது. எந்த வயலின் கலைஞராலும் நெடுநேரம் அவ்வளவு வேகமாக வாசிக்க இயலாது. ஆகவே அவர் வேகத்தை ஆட்களிடையே பங்கிட்டார். 28 வயலின்களும், அவற்றைவிடப் பெரிய தந்திக்கருவிகளான வயோலாக்கள், செலோக்கள் 20உமாக 48 குரல்கள் (தனித்தனி இசைவரிகள்) ஒரே வகைச் சுரவரிசையைச் சற்றே முன்பின்னாகத் தொடர்கின்றன. மேற்குழு ஏறும் இடத்தில் கீழ்க்குழு கண்ணாடிப் பிம்பம்போல இறங்குகிறது. ஒவ்வொருவரும் நிதானமாக வாசித்தாலும், மொத்தத்தில் சுரமாற்றங்கள் காதின் எல்லையை மிஞ்சிவிடுகின்றன. லிகெட்டி இதை மைக்ரோபாலிஃபனி என்றழைத்தார். நுண்பல்குரல் முறை எனலாம்.

மெட்டு இல்லாததால், ஒலியின் உயரமும், கருவிக்குக் கருவி மாறும் அதன் நிறமுமே இங்கு நிகழ்ச்சிகளாகின்றன. ஓரிடத்தில் திரள் மேலேறிக் குறுகி, பிக்கலோ குழல்களின் செவியைக் கிழிக்கும் கீச்சொலியாக முடிகிறது. அது அறுபட்ட கணமே மிகத் தாழ்ந்த ஒலியுடைய தந்திக்கருவிகளான 8 டபுள் பாஸ்கள் அடிமட்டத்தில் உறுமுகின்றன. நடுவே இருந்த பரப்பு முழுவதும் வெறுமையாகிவிட்டதை உடல் உணர்கிறது. இறுதியில் பியானோவின் தந்திகளைத் தூரிகையால் வருடும் ஒலி மட்டும் மிஞ்சி, அதுவும் மெல்லத் தேய்ந்து அடங்குகிறது.