அண்டி ஆபீஸ் பெண்களிடம் என்ன கேட்கிறோம்?

தொண்டு நிறுவனங்களில் ஆய்வு என்றால், திட்டம் முடிகிற நேரத்தில் அவசரமாக எடுக்கும் ஒரு சர்வே என்றாகிவிட்டது. நிதி கொடுத்தவருக்கு பைண்டிங் செய்த ரிப்போர்ட் போய்ச் சேரும். களப்பணியாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். விஷயம் தெரிந்தவரோ அவர்தான்.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களிடம் படிவத்தை நீட்டி, 'உடம்புக்கு ஏதாவது உண்டா?' என்று கேட்டால், 'ஒண்ணும் இல்ல' என்பார்கள். உண்டு என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம். அதே பெண் ரேஷன் கடையில் மெஷினில் விரலை மாற்றி மாற்றி அழுத்துவார், ரேகை விழாது. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். இதைப் பார்த்த களப்பணியாளர் அன்றே நோட்டில் எழுதினால் அடுத்த கேள்விகள் தானாக வரும். தோடு உடைப்பவர்களுக்குத்தான் இப்படியா, பருப்பின் தோல் நீக்குபவர்களுக்கும் உண்டா? கையுறை கொடுத்தும் ஏன் போடுவதில்லை? எடைக்குத்தான் கூலி, கையுறை போட்டால் கை ஓடாது. இது தெரியாமல் கையுறை வழங்கும் விழா நடத்தி போட்டோ எடுப்பதில் என்ன பயன்?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில் அரசும் மீனவர்களும் நாள்கணக்கில் ஒத்துப்போகவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல கொச்சி போன்ற வெளித் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற ஒழுங்கான பதிவு கரையில் இல்லை. ஊருக்கு ஒரு படகு நோட்டு வைத்துப் பராமரிப்பதும் ஆய்வுதான். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம் உள்ள மாவட்டம் இது. சுயஉதவிக் குழுப் பெண்களே அதை எழுதிவிடுவார்கள், வெளியாள் எதற்கு?

சரி, நிறுவனத்துக்குள் எங்கே தொடங்குவது? மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, 'எது நடக்கவில்லை, ஏன்?' என்று மட்டும் பேசலாம். இயக்குநர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும். தகவல் வாங்கும்போது எதற்கென்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் முதலாளி காதுக்குப் போகக் கூடாது. கிடைத்த முடிவை அதே குழுவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். தப்பை அவர்களே திருத்துவார்கள்.

அப்புறம் பணம். தையல் பயிற்சிக்கு நிதி கேட்கும்போதே, ஆறு மாதம் கழித்து வீடு வீடாகப் போய் எத்தனை மெஷின் ஓடுகிறது என்று பார்த்துவர, களப்பணியாளரின் பேருந்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.