மரையின் வயிறும் மாட்டின் வயிறும் ஒன்றுதான்

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், மட்டக்களப்பிலிருந்து வான் பிடித்து, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகா ஓயா, பிபிலை, லுணுகலை கடந்து மலைநாட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுள் பலர் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவையும் பார்த்து வருகின்றார்கள். திரும்பி வந்து எனக்குக் காட்டும் கைப்பேசிப் படங்களில் பெரும்பாலும் பெரிய மான் இனமான மரை ஒன்று நிற்கும். அதன் வாயருகே ஒரு கை பாண் துண்டையோ பிஸ்கட்டையோ நீட்டிக்கொண்டிருக்கும். நெடுங்காலமாகக் கால்நடை வைத்தியராகப் பணியாற்றும் எனக்கு, அன்பினால் நீட்டப்படும் அந்தக் கைதான் கவலை தருகின்றது.

மரையும் மாட்டைப் போல் அசைபோடும் விலங்கு. நான்கு அறைகள் கொண்ட அதன் வயிற்றில், முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி போன்றது. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெதுவாகச் சிதைத்துக் கொடுக்க, அதிலிருந்துதான் விலங்கு தன் சக்தியைப் பெறுகின்றது. பாண், சோறு, பிஸ்கட் போன்ற மாப்பொருள் அந்தத் தொட்டியில் திடீரென்று நிறைய விழுந்தால், அதை வேகமாகப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, லக்டிக் அமிலம் கூடி, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துபோகின்றன. உடலின் நீரும் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால் விலங்கு சோர்ந்து படுத்துவிடும். பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அநேகமாக ஒன்று போலவே இருக்கும்: "டொக்டர், மாடு அசை போடுதில்ல, இடப்பக்கம் ஊதிக் கிடக்கு." உரிமையாளர் ஆசையோடு ஒரு பானைப் பொங்கலையும் ஊட்டியிருப்பார். நேரத்தோடு அழைத்தால் அப்பச்சோடா கரைத்துப் புகட்டியும் மருந்தேற்றியும் காப்பாற்றலாம். காட்டு மரைக்கு அந்த அழைப்பை எடுக்க எவரும் இல்லை. ஒரு பிஸ்கட் ஒரு மரையைக் கொன்றுவிடாது என்பது உண்மைதான். ஆனால் விடுமுறை நாளொன்றில் அதே மரைக்கு முன்னால் எத்தனை வான்கள் நிற்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவைவிட அதைச் சுற்றிவரும் பொலித்தீன் இன்னும் கொடியது. நகரத் தெருக்களில் திரியும் மாடுகளின் இடப்பக்க விலாவைக் கீறி வயிற்றைத் திறந்தபோதெல்லாம், சொப்பின் பைகளும் நைலோன் கயிறும் முறுக்கிப் பிணைந்த கட்டிகளை என் கையாலேயே வெளியே எடுத்திருக்கின்றேன். மயிலத்தமடு மேய்ச்சல் தரையில் வளரும் மாடுகளில் இதை அரிதாகவே காண்கின்றேன். பொலித்தீன் செரிப்பதுமில்லை, முதல் அறையிலிருந்து வெளியேறுவதுமில்லை. அது இடத்தை அடைத்துக்கொள்வதால் வயிறு நிறைந்துவிட்டதாக உணர்ந்து, விலங்கு மேய்வதைக் குறைத்து, எலும்பும் தோலுமாகிச் சாகின்றது. உப்பின் சுவை ஒட்டியிருந்தால் மரை உறையையும் சேர்த்தே விழுங்கும். நுழைவாயிலில் பூங்கா ஊழியர்கள் பைகளைச் சோதித்து பொலித்தீன் உறைகளை அகற்றுவதைப் பலர் தொல்லையாக நினைக்கின்றார்கள். மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்ட எவரும் அப்படி நினைக்கமாட்டார்கள். இதன் விளைவை அறிய மலைக்குப் போக வேண்டியதுமில்லை. நமது அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் கழிவைத் தின்று, 2022 தொடக்கத்துடன் முடிந்த 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாகச் செய்திகள் வெளியாகின.

குரங்குகளுக்கு உணவு கொடுப்பவர்கள் கடிபடுவதும் உண்டு. கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மாடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: உங்கள் பட்டியில் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் இருக்கும் காலத்தில் தொழுவத்தில் போட்ட செருப்போடு காட்டுக்குச் செல்லாதீர்கள், அந்நோய் மரைக்கும் தொற்றக்கூடியது, அதன் வைரசு காலணியில் ஒட்டியும் பயணிக்கும்.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? மரைகள் புல்வெளிக்கு இறங்குவது பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும். ஆகவே காலை 6 மணிக்கு வாயிலில் நிற்பது, ஒன்பது மணிக்கு 'உலக முடிவு' என்னும் செங்குத்து மலை விளிம்பை நோக்கி ஓடுவதைவிட நல்லது. மங்கிய நிற ஆடை, ஒரு தொலைநோக்கி, மௌனம் ஆகிய மூன்றும் போதும். மரை மேய்வதை நிறுத்திக் காதுகளை உங்கள் பக்கம் திருப்பினால், நீங்கள் வேண்டிய அளவு நெருங்கிவிட்டீர்கள். அது முன்னங்காலைத் தரையில் தட்டி, வாலை உயர்த்தி, உரத்துக் குரல் கொடுத்தால் அளவு கடந்துவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடந்த வருடம் நானும் என் மகளும் பட்டிப்பொலப் பக்கத்துப் பாதையோரம் அசையாமல் முக்கால் மணி நேரம் நின்றிருந்தோம். முதலில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பெட்டை மரை, பிறகு மேய்ந்தது, பிறகு முழங்காலை மடித்துப் படுத்து அசைபோடத் தொடங்கியது. அச்சம் இருக்கும் இடத்தில் எந்த மாடும் மரையும் அப்படிப் படுத்து அசைபோடாது என்று மகளின் காதோடு சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள், கமராவை எடுக்கவில்லை.