இடிமேகத்தின் மின்னழுத்தத்தை மியூவான்கள் அளந்து சொன்ன விதம்

கூடலூரை அடுத்த தேவாலாவில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஊட்டியில் அரசுப் பணத்தில் விண்வெளித் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்களாமே, மின்னல் அடித்து ஆளும் மாடும் சாகிற எங்கள் பக்கத்துக்கு அதனால் என்ன பயன்?” வரி கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. அவர் குறிப்பிடும் அந்த ஆய்வகமே இடிமேகத்தைப் பற்றிய மிகப் பழைய ஐயம் ஒன்றைத் தீர்த்து வைத்தது என்பதால், அந்தக் கதையையே இங்கு விடையாகச் சொல்கிறேன்.

கேரள எல்லையை ஒட்டிய நீலகிரியில் பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் பலதரப்பட்டவை. முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961-இல் இந்த மாவட்டத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே முத்தோரையின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்கி வருகிறது. அதை அமைத்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய அறிஞர்களுடன் சேர்ந்து ஊட்டியில் நடத்தும் மற்றொரு திட்டம்தான் ‘கிரேப்ஸ்-3’. விண்வெளியிலிருந்து வந்து பூமியைத் தாக்கும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன, எவ்வாறு இவ்வளவு ஆற்றல் பெறுகின்றன என்பதை ஆராய்வதற்காகவே அது தொடங்கப்பட்டது. இடியும் மின்னலும் அதன் திட்டத்தில் இல்லை.

காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றணுக்களோடு மோதும்போது பிறக்கும் துகள்கள் சிதைந்து மியூவான்களாகின்றன. மியூவானை எலக்ட்ரானைப் போல 207 மடங்கு நிறையுள்ள துகள் என்று கொள்ளலாம். நேர் மின்னூட்டம் கொண்டவையும் எதிர் மின்னூட்டம் கொண்டவையுமாக இருவகை மியூவான்களும் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் தரையை வந்தடைகின்றன. இவற்றைப் பதிவு செய்ய ஊட்டியில் ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள 3,712 சதுர எஃகுக் குழாய்கள் நான்கு அடுக்குகளாகக் கிடத்தப்பட்டுள்ளன. இவை முந்தைய சோதனைகளில் பயன்பட்டு மீட்டெடுக்கப்பட்டவை என்பதை, அறிவியலுக்கு ஒதுக்கும் பணம் வீணாகிறது என்று எண்ணுவோர் அறிந்துகொள்ள வேண்டும். குழாய்களின் மேல் 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் இருக்கிறது. சுமார் 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் (எலக்ட்ரான் ஒன்று 100 கோடி வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்) குறைந்த ஆற்றலுடைய மியூவான் அதைக் கடந்து உள்ளே வர முடியாது. கடந்து வருபவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம். ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் கருவி குறித்துக்கொள்கிறது.

இடிமேகத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு? துகள்கள் சென்ற தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் கருவியான முகிலறையைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அது 1 ஜிகாவோல்ட்டை, அதாவது 100 கோடி வோல்ட்டை எட்டக்கூடும் என்று 1920-களிலேயே கணித்திருந்தார். ஆனால் பலூன்களை மேகத்துக்குள் அனுப்பி அளந்தபோது கிடைத்த மிக உயர்ந்த மதிப்பு 13 கோடி வோல்ட் மட்டுமே. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவின் சரிவை மட்டும் அளந்தால் மலையின் மொத்த உயரம் தெரியாது. முழுப் பாதையையும் ஏறி முடித்த வண்டி செலவழித்த எரிபொருளைக் கணக்கிட்டால் ஓரளவு தெரிந்துவிடும். பலூன் ஒரு வளைவில் நிற்கிறது. மேகத்தின் உச்சியிலிருந்து அடிவரை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கடந்து வரும் மியூவானோ வழியெல்லாம் தான் பெற்ற ஆற்றலையும் இழந்த ஆற்றலையும் தன்னுள் கூட்டிக்கொண்டு தரைக்கு வருகிறது.

இங்கேதான் என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் இருக்கிறது. மேகத்தின் மின்புலம் ஒரு வகை மியூவானை முடுக்கினால், மற்ற வகையைத் தடுத்தே ஆக வேண்டும். முடுக்கப்பட்டவற்றுள், கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் நின்றிருக்க வேண்டிய சில இப்போது தாண்டிவிடும். தடுக்கப்பட்டவற்றுள், தாண்டியிருக்க வேண்டிய சில நின்றுவிடும். இருவகையும் சம எண்ணிக்கையில் இருந்தால் வரவும் இழப்பும் பெரும்பாலும் ஈடாகி, எத்தனை கோடி வோல்ட் தலைக்கு மேல் நின்றாலும் கருவி எதையும் காட்டாது. ஆனால் அவை சமமாக இல்லை. மோதலைத் தொடங்கி வைக்கும் புரோட்டான்கள் நேர் மின்னூட்டம் உடையவை என்பதால், 100 எதிர் மியூவான்கள் வரும் இடத்தில் ஏறத்தாழ 120 நேர் மியூவான்கள் வருகின்றன. இந்தச் சிறு ஏற்றத்தாழ்வுதான் மேகத்தின் மின்னழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நேர் மியூவான்கள் தடுக்கப்படும்போது இழப்பு வரவை மிஞ்சுகிறது, மொத்த எண்ணிக்கை குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கணினி உருவகத்தோடு ஒப்பிட்டால் மின்னழுத்தம் கிடைத்துவிடுகிறது.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் சென்ற இடிமேகத்தின்போது, மேகம் நின்ற திசைகளிலிருந்து வந்த மியூவான்கள் 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்தன. கேட்பதற்குச் சிறிய அளவுதான் என்றாலும், இலட்சக்கணக்கில் எண்ணும்போது தற்செயலான ஏற்ற இறக்கம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே அது மேகத்தின் வேலையே என்பதில் ஐயமில்லை. கணக்கிட்டு வந்த மதிப்பு 1.3 ஜிகாவோல்ட், அதாவது 130 கோடி வோல்ட். பலூன் கண்டதைப் போலப் பத்து மடங்கு. 2019-இல் முடிவு வெளியானபோது வில்சனின் கணிப்புக்கு வயது 90.

இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அந்தச் சிறு தொகைக்குள்ளும் உடனடிப் பயன் சொல்லக்கூடிய திட்டத்துக்கு மட்டுமே பணம் தர வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், இந்த அளவீடு நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அந்த 18 நிமிடங்கள் பதிவாயின.

வாசகரின் கவலையில் மற்றொரு பக்கமும் உண்டு. இடி இடிக்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்வது அச்சத்துக்கு ஆறுதல். அதில் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் மின்னல் தாக்கி இறந்தவரின் குடும்பத்தைப் பாவம் செய்தவர்களாகப் பார்ப்பது கொடுமை. மின்னல் நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறிவதில்லை. மேட்டில் தனித்து நிற்கும் மரமும், தோட்டத்து வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் ஆளும் அதற்கு எளிய வழிகள். இடி கேட்டவுடன் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ, மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும்.

1.3 ஜிகாவோல்ட் என்ற அளவால் நாளைய மின்னலைத் தடுக்க முடியாது. ஆனால் இடிமேகங்களிலிருந்து மிகுந்த ஆற்றலுடைய காமா கதிர் வீச்சுகள் கிளம்புவதைச் செயற்கைக்கோள் ஒன்று கண்டதாக 1994-இல் அறிவிக்கப்பட்டது முதல், அவ்வளவு ஆற்றலுக்கு மேகத்தில் ஏது ஊற்று என்ற கேள்வி இருந்து வந்தது. ஜிகாவோல்ட் அளவு மின்னழுத்தம் மேகத்துக்குள் உருவாகும் என்பது இப்போது உறுதியாகிவிட்டதால், அந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்கு உண்மையான எண் ஒன்று கையில் இருக்கிறது.