சக்கரத்தின் சட்டை: டயர் என்ற சொல்லும் அதன் மேல் எழுதியிருப்பதும்

டயர் என்ற சொல்லுக்கும், 'டயர்டா இருக்கு' என்று நாம் அலுத்துக்கொள்வதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒலி ஒன்று, அமெரிக்கர்கள் எழுதும்போது எழுத்தும் ஒன்று. வேர்தான் வேறு. களைப்பைச் சொல்வது பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் தனிச்சொல். சக்கரத்தில் இருப்பதோ 'அட்டயர்' என்ற சொல்லின் தலையை வெட்டியதால் கிடைத்தது. அட்டயர் என்றால் உடை, ஒப்பனை. பழைய பிரெஞ்சில் 'ஒழுங்குபடுத்து' என்ற பொருளில் இருந்த ஒரு வினைச்சொல், ஆங்கிலத்துக்குள் வந்து உடையாகி, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் முன்னெழுத்தை உதிர்த்துவிட்டுச் சக்கரத்தில் ஏறிக்கொண்டது. மரச் சக்கரம் தேயாமல் இருக்க அதைச் சுற்றி ஆணியடித்துப் பொருத்திய வளைந்த இரும்புத் தகடுகள்தான் முதல் டயர்கள். சக்கரத்துக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். கட்டுவதைக் குறிக்கும் 'டை' என்ற சொல்லிலிருந்து டயர் வந்தது என்று விளக்குபவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டிய கதை அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தமிழும் ஏறத்தாழ இதே வழியில் யோசித்திருப்பது. சங்க இலக்கியத்தில் வண்டிச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வளைத்துப் பொருத்திய மரத்துக்குச் 'சூட்டு' என்று பெயர். தலையில் அணியும் மாலையும் சூட்டுதான், சேவலின் கொண்டையும் சூட்டுதான். சூட்டப்படுவது எதுவோ அது சூட்டு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலேயே சக்கரத்துக்கு உடுத்திப் பார்த்திருக்கின்றன.

பிற்பாடு வண்டி செய்கிற ஆசாரிகள் தங்களுக்கென்று வேறு சொற்களை வைத்துக்கொண்டார்கள். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் நுனியில் வளைந்த மரத்துண்டுகளைச் சேர்த்தால் வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ரப்பருக்கு முன்னால் டயர் என்ற சொல் குறித்தது இந்தப் பட்டாவைத்தான். ஆகவே டயருக்கு நேர்த் தமிழ் எது என்று யாராவது மடக்கிக் கேட்டால், பட்டா என்பதே என் முதல் பதில். எழுத்து வழக்கில் சக்கரப்பட்டை என்றும் உருளிப்பட்டை என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழையில்லை. ஆனால் பட்டை என்றதும் தட்டையான ஒன்றுதான் கண்ணில் வருகிறது. உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு உப்பி நிற்கும் ஒன்றுக்கு அது கொஞ்சம் ஒல்லியான பெயர்.

அந்தக் காற்று வந்த கதை சுருக்கமானது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ல் பிரிட்டனில் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது மிதிவண்டியும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை, எனவே உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் டன்லப்புக்கே நின்றது.

சரி, சட்டை என்றால் அளவு இருக்க வேண்டும். காலரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போல டயரின் பக்கச்சுவரில் ஒரு வரி இருக்கும். கடைக்கு நேரில் போனால் வண்டியைப் பார்த்து அவர்களே எடுத்துப் போடுவார்கள். இணையத்தில் வாங்கும்போது அந்த வரியை நாம்தான் படிக்க வேண்டும். ஒரு காருக்கான வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 195/55 ஆர் 16 87 வி.

195 என்பது மில்லிமீட்டரில் அகலம். தரையைத் தொடும் பகுதியின் அகலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காற்று நிரப்பிய டயரில் ஒரு பக்கச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து மறு பக்கச்சுவரின் வெளிப்புறம் வரை உள்ள தூரம் அது. குறுக்ககலம் என்று சொல்லலாம்.

55 என்பது மில்லிமீட்டர் அல்ல, விழுக்காடு. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது 107 மில்லிமீட்டர் சொச்சம். இதற்கு உயர விகிதம் என்ற பெயர் போதும். இந்த எண் சிறிதாகச் சிறிதாக டயர் குள்ளமாகும். வளைவில் பிடிப்பு கூடும், குழியில் விழுந்தால் இடுப்பு வலிக்கும். ஒரு எண் இன்னொரு எண்ணின் விழுக்காடாக இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. 205/55 வாங்கினால் அகலம் மட்டும் கூடும் என்று எண்ண வேண்டாம், உயரமும் சேர்ந்தே கூடிவிடும்.

அளவில் கடைசியாக நிற்கும் 16 ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில். மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் ஒரே வரியில். இப்படி ஒரு அவியலை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. மிஷலின் நிறுவனம் 1975ல் ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தது, 390 மில்லிமீட்டர் என்பது அதில் ஓர் அளவு. எடுபடவில்லை. அங்குலமே நிலைத்துவிட்டது.

இந்த விகிதத்தைச் சரியாகப் பார்க்காமல் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 185/60 ஆர் 15 வேண்டிய வண்டிக்கு 185/65 ஆர் 15 வரவழைத்தேன். ஐந்துதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 621.5 ஆகிறது, மூன்று விழுக்காடு அதிகம். வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 103ல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உட்புறம் எங்கோ உரசும் சத்தம் வேறு. திருப்பி அனுப்பிய செலவு என்னுடையது, தவறும் என்னுடையதே.

நடுவில் இருக்கும் ஆர் தான் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எழுத்து. 'ஆர் 16' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டதால், ரிம் என்பதன் முதலெழுத்து என்று சிலரும், ஆரம் என்று சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆரமாக இருக்க முடியாது, 16 என்பது விட்டம். அந்த எழுத்துக்கு விரிவு ரேடியல். டயருக்குள் இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடும் கட்டமைப்பு. பக்கவாட்டில் பார்த்தால் அவை மையத்திலிருந்து ஆரக்கால்களைப் போல விரியும். லத்தீனில் ரேடியஸ் என்றாலே ஆரக்கால்தான். தமிழிலும் வட்டத்தின் ஆரம், வண்டியின் ஆரக்கால் இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இன்னும் வேடிக்கை, ஆரக்காலுக்குத் தமிழில் 'ஆர்' என்றே ஒரு சொல் உண்டு. எனவே அந்த ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினாலே பாதி விளக்கம் வந்துவிடுகிறது. தற்செயல்தான், ஆனாலும் விட மனமில்லை. ரேடியல் டயரை ஆரை டயர் என்று எழுதலாம் என்பது என் கருத்து.

இருசக்கர வண்டிகளின் டயரில் 100/90-17 என்பது போல நடுவில் ஒரு சிறு கோடு இருந்தால், இழைகள் சாய்வாக ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிட்டுப் போகும் பழைய கட்டமைப்பு என்று பொருள். 2.75-18 என்று இருந்தால் அகலமும் அங்குலத்திலேயே இருக்கிறது.

அளவு முடிந்தது. 87 வி என்பது அளவு அல்ல, தாங்கும் திறன். தேடல் பட்டியல்கள் பலவும் அளவைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இந்தப் பகுதியைக் கீழே பொடி எழுத்தில் தள்ளிவிடுகின்றன. ஒரே அளவில் இரண்டு டயர்களுக்கு விலை வித்தியாசப்பட்டால் காரணம் பெரும்பாலும் இங்கே ஒளிந்திருக்கும்.

87 என்பது கிலோ அல்ல. ஓர் அட்டவணையில் உள்ள வரிசை எண், அதற்கு நேராக 545 கிலோ என்று இருக்கும். சரியான காற்றழுத்தத்தில் ஒரு டயர் சுமக்கக்கூடியது அவ்வளவு. 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615, 94 என்றால் 670. எண் என்பதால் இதைச் சுமைக் குறியெண் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் எக்ஸ்எல் என்று இருந்தால், அதே அளவில் கூடுதல் காற்றழுத்தமும் கூடுதல் சுமையும் தாங்கும்படி வலுவாக்கிய டயர்.

அப்புறம் அந்த 'வி'. ஸ்பீட் ரேட்டிங் என்பார்கள். தமிழில் வேக வரம்பு என்று மொழிபெயர்த்தால் சாலையோரப் பலகைதான் நினைவுக்கு வரும். வேகத் தரம் என்றால் ஏதோ மதிப்பெண் போட்டது போலிருக்கிறது. ஓர் எழுத்தாக இருப்பதால் வேகக் குறியெழுத்து என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சுமைக்கு எண், வேகத்துக்கு எழுத்து.

எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர். அதிலிருந்து ஒவ்வோர் எழுத்துக்கும் பத்துப் பத்தாக ஏறி, எம் 130, என் 140, பி 150, க்யூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, யூ 200 என்று போகும். இடையில் ஓ எழுத்து கிடையாது. இங்கே வரும் ஆர், நடுவில் பார்த்த ஆர் அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். யூவுக்கு அடுத்து திடீரென்று எச் வந்து 210 என்கிறது. பிறகு வி 240, டபிள்யூ 270, ஒய் 300. அகரவரிசைப்படி முன்னாலேயே வர வேண்டிய எச் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் பழைய பழக்கம். ஆரம்பத்தில் எஸ், எச், வி என்று மூன்றே படிகள் இருந்தன. 180 வரை எஸ், 210 வரை எச், அதற்கு மேல் வி. மற்ற எழுத்துகளைப் பின்னால் இட்டு நிரப்பியபோது எச் தன் இடத்தை விடவில்லை. இசட்ஆர் என்று அளவின் நடுவிலேயே இருந்தால் 240க்கு மேல் தாங்கும் என்று பொருள், துல்லியமான எல்லையைக் கடைசியில் உள்ள டபிள்யூவோ ஒய்யோ சொல்லும்.

'நான் 100ஐத் தாண்டுவதே இல்லை, எனக்கு எதற்கு 240?' நியாயமான கேள்விதான். டயரைக் கொல்வது வேகம் அல்ல, வேகத்தில் பிறக்கும் சூடு. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி மறுபடி நிமிர்கிறது. நசுங்கி நிமிரும்போதெல்லாம் ரப்பர் சூடாகிறது. வேகம் ஒரு கட்டத்தை மீறினால் நசுங்கிய பகுதி நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அப்போது டயரின் மேல் அலை அலையாக மடிப்பு நிற்கும், சூடு தாறுமாறாக ஏறும், கடைசியில் அடுக்குகள் பிரியும். ஆய்வகத்தில் டயரைச் சுழலும் பெரிய உருளையோடு அழுத்தி, குறிப்பிட்ட சுமையில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்துத்தான் அந்த எழுத்தைக் கொடுக்கிறார்கள். ஆக, அது எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்ற அனுமதி அல்ல. சக்கரத்தின் சூட்டு, அதாவது டயர், எவ்வளவு சூடு தாங்கும் என்ற கணக்கு. காற்று குறைந்தாலும், பாரம் கூடினாலும், வெயில் கொளுத்தினாலும் அதே சூடு குறைந்த வேகத்திலேயே வந்து சேரும். புதிதாக, சரியான காற்றோடு, அளவான பாரத்தோடு இருக்கும் டயருக்குத்தான் அந்த எழுத்து பொருந்தும். பஞ்சர் ஒட்டியதற்கும் மொட்டையாகிவிட்டதற்கும் அது பொருந்தாது.

வண்டி செய்தவர் கேட்கும் எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொது விதி. மேலே போகலாம், ஆனால் மேலே போனால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. அதிக வேகத்துக்கான டயர் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், அதனால் அதிக நாள் உழைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. நான்கு டயரில் இரண்டு எச், இரண்டு வி என்று கலந்துவிட்டால் அந்த வண்டிக்கு எல்லை எச் தான். குளிர்காலத்துக்கென்று செய்த டயர்களுக்கு மட்டும் சில நாடுகளில் விலக்கு உண்டு. ஓட்டுநர் கண்ணில் படும்படி உள்ளே ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு குறைந்த எழுத்தைப் போட்டுக்கொள்ள விடுகிறார்கள்.

வண்டிக்கு எது சரி என்பதைப் பழைய டயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், முந்தைய உரிமையாளர் என்ன போட்டாரோ தெரியாது. ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில், இல்லையென்றால் கையேட்டில், அளவும் குறியெண்ணும் காற்றழுத்தமும் இருக்கும். அந்த வரியை அப்படியே தேடல் பெட்டியில் போடுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் அநேகமாகக் காணக் கிடைக்காத ஒன்று பிறந்த தேதி. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது, பேசாமல் நகர்ந்துவிடலாம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுக் குறியீடு இருப்பதும் உண்டு, அதனால் விற்பவர் அனுப்பும் படத்தில் அது இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம். திருப்பிப் போட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அது வந்த பிறகு பணம் கட்டிக்கொள்ளலாம்.