மழுங்கிய கத்தியின் சூட்சுமம்

பக்ரீத் முடிந்த கையோடு கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பரணில் இரண்டு பக்கமும் மரப்பிடி போட்ட பழைய கத்தி கிடக்கிறது. ஆட்டுத்தோல் சுரண்ட வைத்திருந்ததாம். சாணை பிடிக்கலாமா?"

வேண்டாங்க. அந்த மழுக்கம்தான் அதன் திறமையே.

மேல்தோல், உட்தோல் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். உட்தோலுக்குக் கீழே, உடம்போடு ஒட்டும் பக்கம், கொழுப்பும் சவ்வுமாக ஒரு படலம் இருக்கிறது. அது இருக்கும்வரை, தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு சரியாக உள்ளே இறங்காது. இந்தக் கடற்கரை வெக்கையில் பாக்டீரியா சும்மா இருக்குமா? வாலிநோக்கத்து உப்பை மூட்டையாகக் கொட்டினாலும் தோல் நாறிவிடும்.

உட்தோல் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக, எல்லாத் திசையிலும் அவை பின்னிக் கிடக்கின்றன. கீழ்ப்படலத்திலும் கொலாஜன் உண்டு. ஆனால் அங்கே இழைகள் தளர்வாக, கொழுப்புக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடும். கூரான கத்திக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் வெட்டும். மழுங்கிய விளிம்பு வெட்டாது, தள்ளும். தள்ளும்போது எது பலவீனமோ அதுதான் கிழியும். அதனால் படலம் உரிந்துகொண்டு வர, பின்னல் அப்படியே நிற்கிறது. இளநீர் வழுக்கையை மட்டைச் சீவலால் வழித்தெடுக்கிறோமே, அதே கதை. எங்கே நிறுத்துவது என்பதைக் கை முடிவு செய்வதில்லை, தோலே முடிவு செய்கிறது!

இந்தக் கொலாஜனின் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிய சுருள் என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுக்குக் கங்காரு வால் தசைநார் கிடைத்தது சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. தோல் ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தோல் சுரண்டுவதைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, அதே தோல் போர்த்திய மிருதங்கத்துக்குத் தலையாட்டுபவர்களும்தான்.

சரி, தோலை விரித்துப் போட்டுச் சுரண்டும் கட்டைக்கு வருவோம். சாய்த்து நிறுத்திய, முதுகு உருண்ட மரக்கட்டை. தட்டைப் பலகையில் கத்தியின் முழு நீளமும் தோலில் படும், அழுத்தம் பரவிவிடும். உருண்ட முதுகில் உச்சியில் மட்டும் ஓரிரு அங்குலம் படும். அதே கைபலம் அந்தச் சின்ன இடத்தில் குவிகிறது.

அப்புறம், தோலை விரிக்குமுன் கட்டையை நன்றாகக் கழுவுங்கள். நம் ஊரில் மணல் எங்கும் ஒட்டும். அடியில் ஒரு பொடிக்கல் இருந்தாலும் அந்த இடம் மேடாகும், அழுத்தம் முழுவதும் அதன்மேல் இறங்கும், ஓட்டை விழும். வயிற்றுப் பக்கம் தோலும் மெலிசு, பின்னலும் தளர்வு. அங்கே மழுங்கிய கத்தியே ஆனாலும் பைய.