செப்ரிங் டிராக் ஏன் சிலரைத் தாலாட்டுகிறது, சிலரைக் குலுக்கி எடுக்கிறது

பழைய பாலத்தின் மேல் கார் போகும்போது பலகைக்குப் பலகை 'தடக், தடக்' என்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள செப்ரிங் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது சுற்றுக்குச் சுற்று நடக்கிற விஷயம். வார இறுதியில் சொந்தக் காசைப் போட்டு ரேஸ் ஓட்டுகிற அமெச்சூர் ஆட்களிடம் இந்த டிராக்கைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நடுவாந்தரமான பதில் வருவது அபூர்வம். ஒன்று கொண்டாடுவார்கள், இல்லையென்றால் வண்டியை உடைத்துப் போட்ட இடம் என்று திட்டுவார்கள். இது ரசனை சார்ந்த சண்டை என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் அவரவர் காரில் எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் இருக்கிறது என்பதுதான் அவரவர் கருத்து.

முதலில் இந்த டிராக் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் குலுக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதை யாரும் கார் ஓட்டுவதற்காகக் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டப் பயிற்சி கொடுப்பதற்காக ஹென்ட்ரிக்ஸ் ஃபீல்டு என்ற ராணுவ விமானத் தளத்தை அங்கே கட்டினார்கள். முழுச் சுமையோடு 30 டன்னை நெருங்குகிற விமானம் இறங்க வேண்டும் என்பதால் ஓடுபாதைகளைக் காங்கிரீட்டில் போட்டார்கள். போர் முடிந்ததும் இடம் காலியாகக் கிடந்தது. விமானத் துறையில் பொறியாளராக இருந்த அலெக் உல்மன் அந்த நீள நீளமான ஓடுபாதைகளைப் பார்த்துவிட்டு, இங்கே கார்களை ஓடவிட்டால் என்ன என்று யோசித்தார். 1950 டிசம்பர் 31 அன்று 6 மணி நேரப் பந்தயம் ஒன்று நடந்தது. எஞ்சின் அளவை வைத்து ஒவ்வொரு காருக்கும் இலக்கு மாறும் விதி என்பதால், முக்கால் லிட்டர்கூட இல்லாத எஞ்சினோடு வந்த கிராஸ்லி ஹாட் ஷாட் என்ற குட்டி கார் ஜெயித்தது. 1952இல் 12 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. 1959இல் ஃபார்முலா ஒன் பந்தயம்கூட ஒருமுறை வந்தது, கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோய் ஜாக் பிராபம் காரைத் தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டி உலக சாம்பியன் ஆனது அங்கேதான்.

இப்போதைய டிராக்கின் நீளம் சுமார் 6 கிலோமீட்டர், 17 வளைவுகள். பாதையின் பல பகுதிகளில் தார் போட்டிருந்தாலும், பழைய ஓடுபாதைக் காங்கிரீட் மேல் ஓட வேண்டிய இடங்கள் இன்னமும் இருக்கின்றன.

சரி, காங்கிரீட் ஏன் குலுக்குகிறது? தாரைப் போல இதை நீளமாக ஒரே பாய் விரித்த மாதிரி போட முடியாது. வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும், விட்டு வைத்தால் தனக்குப் பிடித்த இடத்தில் கோணல்மாணலாக வெடிக்கும். அதனால் சில மீட்டருக்கு ஒருமுறை வேண்டுமென்றே இணைப்பு விட்டு, தனித்தனிப் பலகைகளாகப் போடுவார்கள். 6 மீட்டர் பலகை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அந்த 2 மில்லிமீட்டர் பெரிய விஷயமில்லை, இணைப்பு வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர்தான் விஷயம். பாரம் ஏறும்போது பலகையின் நுனி கொஞ்சம் அழுந்தி, அடியில் நிற்கிற தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும், தண்ணீரோடு மணலும் போகும். பல வருஷம் இப்படியே போனால் பலகைக்கு அடியில் பள்ளம் விழுந்து, ஒரு பலகை இறங்கி, பக்கத்துப் பலகை மேலே நிற்க, நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு வந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மதியம் வெயிலில் பலகையின் மேல்புறம் சூடாகி, அடிப்புறம் அவ்வளவு சூடாகாமல் இருந்தால், நடுப்பகுதி லேசாக மேலே புடைக்கும். ராத்திரி மேல்புறம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அப்போது ஓரங்கள் மேலே வளையும். அதாவது காலையில் தொடங்கி இருட்டிய பிறகு முடிகிற ஒரு பந்தயத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது, பாதையே வடிவம் மாறிக்கொண்டிருக்கிறது.

இப்போது காருக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 6 மீட்டர் பலகை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கார் மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 60 மீட்டர் போகிறது என்றால், விநாடிக்கு 10 தடவை ஒரு இணைப்பின் மேல் ஏறி இறங்கும். இந்தப் பத்து என்கிற எண்தான் வில்லன். காரின் சக்கரத்துக்கு மேலே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, கீழே டயர் என்கிற காற்றடைத்த இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சக்கரம் தானாகத் துள்ளுகிற வேகம் பெரும்பாலான கார்களில் விநாடிக்கு 10 முதல் 15 தடவை. பாதை தட்டுகிற வேகமும் சக்கரம் துள்ள ஆசைப்படுகிற வேகமும் ஒன்றாகப் பொருந்திவிட்டால் ஒவ்வொரு தட்டும் முந்தைய துள்ளலோடு சேர்ந்து பெரிதாகும். பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது இதைத்தான். சாதாரணச் சாலையில் இதைக் கவனிக்கிற வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அந்த வேகத்தில் அப்படி ஒரே சீரான இடைவெளியில் நம்மைத் தட்டுகிற சாலை அபூர்வம்.

சக்கரம் துள்ளினால் என்ன, முதுகு வலிக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவு இல்லை. டயரின் பிடிப்புக்கு ஒரு குணம் உண்டு: மேலே பாரத்தை இரண்டு மடங்கு ஏற்றினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். உதாரணத்துக்கு 300 கிலோ பாரத்தில் ஒரு டயர் பக்கவாட்டில் 330 கிலோ அளவுக்குப் பிடித்து நிற்கிறது என்று வையுங்கள். அதே டயரில் பாரம் 450க்கும் 150க்கும் நடுவே ஆடினால், மேலே போகும்போது 460, கீழே வரும்போது 175 என்று கிடைக்கும், சராசரி 318தான். பாரத்தின் சராசரி மாறவே இல்லை, ஆடிய காரணத்துக்காக மட்டும் பிடிப்பு கழிந்துவிட்டது. சக்கரம் தரையை விட்டே எழும்பினால் கதை இன்னும் மோசம், ஏனென்றால் திரும்பத் தரையைத் தொட்ட உடனே டயர் பிடித்துவிடாது. ரப்பர் கொஞ்ச தூரம் உருண்டு, பக்கவாட்டில் முறுக்கிக்கொண்ட பிறகுதான் முழுப் பலமும் வரும். அடுத்த இணைப்பில் மறுபடி எழும்பினால் மறுபடியும் அதே கதை.

இங்கேதான் விறைப்பான ஸ்பிரிங் போட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வழவழப்பான டிராக்கில் கார் சாயாமல், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தாமல், தரையோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், உயரத்தைக் குறைப்பார்கள். காற்று காரைக் கீழே அழுத்துவதை நம்பி ஓடுகிற கார்களுக்கு இது இன்னும் கட்டாயம், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர் மாறினாலே கீழ்நோக்கி அழுத்துகிற விசை மாறிவிடும். அந்தக் காரைச் செப்ரிங்குக்குக் கொண்டுவந்தால் சஸ்பென்ஷனுக்கு அசைய இடமில்லை, அடிப்பாகம் தரையில் உரசுகிறது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற டேம்பருக்குள் இருக்கிற எண்ணெய் ஓயாமல் அங்குமிங்கும் ஓடி சூடாகி இளகிப்போகிறது. பக்கத்தில் ஒருவர் மாஸ்டா மியாட்டா மாதிரி, சாலைக்கென்றே பிறந்த ஒரு சின்னக் காரில், சஸ்பென்ஷன் நன்றாக மேலும் கீழும் போய்வர, ஒன்றுமே நடக்காதது போல வளைவைச் சுற்றிக்கொண்டு போவார். அவருக்கு டிராக் பிடிக்காமல் எப்படி இருக்கும்! (கிராஸ்லி ஜெயித்ததும் இதனால்தானே என்று கேட்கத் தோன்றும், ஆனால் அது விதியின் புண்ணியம்.)

17வது வளைவில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போகும். சன்செட் பெண்ட் என்று பெயர், நீண்ட நேர்பாதையின் முடிவில் வருகிற அகலமான, நெடிய வலது வளைவு. திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டும், அதே நேரம் கீழே மேடு பள்ளம். வளைவுக்கு எது நல்ல கோடு, அதாவது கார் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டால் பாடப் புத்தகம் ஒரு பதில் சொல்லும்: வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. இங்கே அந்தக் கோட்டின் மேலேயே பெரிய மேடு உட்கார்ந்திருந்தால்? ஒரு மீட்டர் தள்ளி, தூரம் கூடினாலும் குலுக்கல் குறைந்த வழியில் போகிறவர் முந்திவிடுவார். அதனால் காருக்குக் கார் கோடு மாறும், டயர் தேயத் தேயவும் மாறும். அமெச்சூர்களில் தேடித் தேடிக் கற்றுக்கொள்வதில் சந்தோஷப்படுகிற ரகம் இந்த வளைவுக்காகவே வருவார்கள். வெளிப்பக்கம் டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவர் இருப்பதை நினைத்துக்கொண்டே ஓட்டுகிற ரகத்துக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பரீட்சை.

தொழில்முறை அணிகள் வேறு கணக்கில் பார்க்கின்றன. லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கார் தயார் செய்கிறவர்கள், எது உடையும் என்று தெரிந்துகொள்ளவே இங்கே வந்து ஓட்டிப் பார்ப்பதுண்டு. இண்டிகார் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரின் அணிகளும், ஊர்த் தெருக்களில் நடக்கிற பந்தயங்களின் குலுக்கல் இங்கே கிடைக்கிறது என்பதால், இந்த டிராக்கின் சின்னப் பாதையில் சோதனை ஓட்டம் நடத்துகின்றன. அவர்களிடம் காரை நிற்கவைத்தே குலுக்கிப் பார்க்கிற இயந்திரங்களும் உண்டு. அமெச்சூருக்கு அந்த வசதி இல்லை, அவருடைய சோதனைக்கூடம் அவருடைய சொந்தக் கார்தான்.

கண்ணுக்கும் ஒரு தொந்தரவு இருக்கிறது, இதைப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சொல்வார்கள். விமானத் தளம் என்பதால் இடம் சுத்தமாகத் தட்டை. ரேஸ் காரில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். 100 மீட்டர் தள்ளி இருக்கிற பாதையில் 10 மீட்டர் நீளத் துண்டு அப்போது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டால், முழு நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு! அதுவே 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற மேட்டுப் பாதையாக இருந்தால், பாதை நம்மை நோக்கி நிமிர்ந்து நிற்பதால், அதே துண்டு 6 மடங்கு பெரிதாகத் தெரியும். மலைப்பாங்கான டிராக்கில் வளைவு எங்கே திரும்புகிறது என்று பாதையே காட்டிக்கொடுக்கும், இங்கே கூம்புகளையும் காங்கிரீட்டில் விழுந்த கறைகளையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். உடம்பும் ஒத்துழைக்காது: மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 தடவை ஆட்டினால்தான் மனித உடல் மிக மோசமாகத் துன்பப்படும், அதைவிட வேகமாக ஆட்டினால் பார்வை மங்கும். நடுத்தர வேக வளைவுகளில் முதல் தொந்தரவு, வேகமான இடங்களில் இரண்டாவது.

மழையைப் பற்றி நீட்ட வேண்டாம். தட்டையான இடத்தில் தண்ணீர் ஓட மறுக்கும், இணைப்புகளை அடைத்த தார்க்கோடு நனைந்தால் வழுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்குகிறார்கள், காரைச் சில மில்லிமீட்டர் தூக்குகிறார்கள், சக்கரம் சட்டென்று எழும்பும்போது டேம்பர் முரண்டு பிடிக்காமல் வழிவிடும்படி திருகி வைக்கிறார்கள், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் லேசாக விட்டுப் பழகுகிறார்கள். அப்புறம் போல்ட். போல்ட் கழல்வதற்கு யாரும் திருக வேண்டியதில்லை, இறுக்கிப் பிடித்த இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் துளித்துளி நழுவினாலே மரைகளின் உராய்வு நொடிப்பொழுது தளர்ந்து, போல்ட் கடுகளவு பின்னால் சுழலும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் 1969இல் இதை விளக்கிக் காட்டினார். பல்லாயிரம் தட்டுகளுக்குப் பிறகு அந்தக் கடுகளவுகள் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாகிவிடும். அதனால் விவரம் தெரிந்த அமெச்சூர், இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்டில் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டுத்தான் டிராக்கில் இறங்குவார், திரும்பி வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முதல் வேலையாகக் காருக்கு அடியில் தலையை விட்டு எந்தக் கோடு உடைந்திருக்கிறது என்று தேடுவார்.