குவாஷியோர்க்கர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கால் வீங்கி, வயிறு உப்பி, முடி செம்பட்டையாகி, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரில் சிக்கிய பியாஃப்ராவிலிருந்து 1968-ல் வந்த படங்கள் பலவற்றில் இருந்தது இந்த ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய்தான்: குவாஷியோர்க்கர்.

பெயர் பியாஃப்ராவுடையது அல்ல. கானாவின் அக்ரா வட்டாரத்தில் பேசப்படும் கா மொழிச் சொல் இது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அங்கே வேலை பார்த்தபோது நோயை 1933-ல் விவரித்தார். 1935-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது அந்த ஊர் மக்கள் வைத்திருந்த பெயரையே பயன்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய் மடியை இழந்த மூத்ததற்கு வரும் நோய் என்பது பொருள். தாய்ப்பால் நின்று வெறும் மக்காச்சோளக் கூழில் வளரும் பிள்ளைக்கு வருவது.

இதைப் படித்ததும் நம் பாட்டிமார் 'சவலை' என்றிருப்பார்கள். தம்பியோ தங்கையோ வயிற்றில் வந்ததால் பால் மறக்கடிக்கப்பட்டு நோஞ்சானாகிப் போன பிள்ளைதான் சவலைப் பிள்ளை. காரணம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சவலை என்றதும் நமக்குத் தோன்றுவது மெலிவு. குவாஷியோர்க்கரிலோ வீக்கம்தான் அடையாளம். கன்னம் உப்பியிருப்பதால் பிள்ளை தேறிவிட்டது என்றுகூட ஏமாந்துபோகலாம்.

பியாஃப்ராவில் இந்தக் காரணமும் பொருந்தவில்லை. 1967 மே 30-ல் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று தனிநாடாக அறிவித்துக்கொண்டது, ஜூலையில் போர். 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் விழுந்தது. போருக்கு முன் அந்தப் பகுதியின் இக்போ மக்களுக்கு மாட்டிறைச்சி வடக்கிலிருந்து வரும், 'ஒக்போரோகோ' என்னும் காய்ந்த மீன் நார்வேயிலிருந்து கப்பலில் வரும். நைஜீரிய அரசின் முற்றுகையில் இரண்டும் நின்றுபோயின. மிஞ்சியது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு. பால்குடி மறந்த சிறுசுகள் மட்டுமல்ல, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளும் வீங்கினார்கள். இவர்களைத் தாய் மடியிலிருந்து இறக்கிவிட்டது தம்பி தங்கை இல்லையே! நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்த பிரிட்டிஷ் பிரதமரை நினைத்து, இதை 'ஹரால்ட் வில்சன் நோய்' என்று கசப்போடு சொன்னவர்களும் உண்டு.

சாலையையே ஓடுதளமாக்கிய உலி என்ற பியாஃப்ரா ஊரில், தேவாலய அமைப்புகளின் விமானங்கள் இரவில் மீனும் பால்பொடியும் கொண்டுவந்து இறக்கின. திரும்பும் விமானங்களில் நோய் முற்றிய பிள்ளைகளை காபோனுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் அனுப்பினார்கள். இப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1970 ஜனவரியில் போர் முடிந்தபின் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து, பெற்றோரைத் தேடிச் சேர்ப்பது தனி வேலையாக நடந்தது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'புரதக் குறைபாட்டு நோய்' என்பது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. புரதக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்பதை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. பெயரும் மருந்துச்சீட்டு வாசகம்போல இருக்கிறது. மருத்துவக் கட்டுரையில் குவாஷியோர்க்கர் என்றே எழுதலாம், உலகமே கா மொழிச் சொல்லைத்தானே சொல்கிறது. பொது வாசகருக்கு எழுதும்போது 'சவலை வீக்கம்' என்பது என் பரிந்துரை. வீக்கமில்லாமல் எலும்பும் தோலுமாக ஆக்கும் மராஸ்மஸுக்கு வெறும் 'சவலை' போதும்.